தேய்ந்த கேம்: அரைத்துப் போடுவதா, ஒரிஜினல் தேடுவதா?

வாசகர் கேள்வி: என் பழைய காரில் இருப்பது டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின். 1,587 சிசி, 16 வால்வு, வால்வின் மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற பக்கெட், அதன் தலைமேல் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடு உட்காரும் வகை. டேப்பெட் சத்தம் நிற்கவில்லை என்று கவரைத் திறந்தேன். காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இன்டேக் கேம் தண்டு சுத்தமாக இருக்கிறது. புகை வெளியேறும் பக்கத்து எக்ஸாஸ்ட் கேமில் 3-ஆம் சிலிண்டரின் இரண்டு லோபுகளும் (வால்வைத் தள்ளும் புடைப்புகள்) மூக்கில், அதாவது உச்சியில், குழி விழுந்து தேய்ந்திருக்கின்றன. நல்ல லோபுகளின் உயரம் 35.45 மி.மீ. தேய்ந்தவை 35.12, 35.20. அடிவட்டத்தின், அதாவது வால்வு மூடியிருக்கும்போது தொடும் வட்டப் பகுதியின், விட்டம் எல்லாவற்றிலும் 27.90. இப்போதுள்ள ஷிம்கள் இன்டேக்கில் 2.60 முதல் 2.75 வரை, எக்ஸாஸ்டில் 2.55 முதல் 2.70 வரை. ஹெட்டில் ஒருமுறை வால்வு சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) வெட்டியாயிற்று. மறுபடியும் வெட்ட வேண்டும், வால்வு சுமார் 0.15 மி.மீ. உள்ளே இறங்கும் என்கிறார் மெஷின் ஷாப்காரர். ஒருவர் பயன்படுத்திய ஒரிஜினல் ஜோடி ஒன்றைத் தருகிறார். இன்னொருவர் என்னிடம் இருக்கும் கேம்களையே அரைத்து 8.2 மி.மீ. லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்), 256 டிகிரி திறப்பு ஆக்கித் தருகிறேன் என்கிறார். தினமும் ஓட்டும் கார், எப்போதாவது டிராக்குக்குப் போவேன். எந்த வழியில் போவது?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் கேமை அதன் ஒரிஜினல் புரொஃபைலுக்கே அரைத்துப் போடுங்கள். இன்டேக் கேமில் கை வைக்காதீர்கள். 8.2 லிஃப்ட்தான் வேண்டுமென்றால் அதை அந்தப் பழைய ஜோடியில் அரைக்கச் சொல்லுங்கள், உங்களுடையதில் வேண்டாம். நீங்கள் ஷிம் அளவுகளையும் எழுதி அனுப்பியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. பலர் லோபின் உயரத்தை மட்டும் அனுப்பிவிட்டு அரைக்கலாமா என்று கேட்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடிவட்டத்திலிருந்து எவ்வளவு இரும்பு போகும், அந்த இடைவெளியை ஹெட் எதைக் கொண்டு நிரப்பும் என்பதுதான் கணக்கு.

கேமை அரைக்கும்போது இரும்பு குறையுமே தவிரக் கூடாது. மூக்கில் போன 0.33 மி.மீ.-ஐத் திருப்பிக் கொண்டுவர வழி இல்லை. ஆகவே மூக்கைக் குழி மறையும் வரை இறக்கி, அதே அளவு அடிவட்டத்தையும் இறக்குகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லிஃப்ட். அது மாறாமல் நிற்கும்.

பக்கெட் எஞ்சினுக்கு இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. தட்டையான பரப்பின் மேல் ஓடும் கேமில், அடிவட்டம் சிறியதானாலும் லிஃப்ட் வளைவு இம்மி கூட மாறாது. எந்தக் கோணத்தில் வால்வு எவ்வளவு திறந்தது என்ற கணக்கு அப்படியே இருக்கும். ஷிம் மட்டும் தடிமனாக வேண்டும். கேமுக்கும் வால்வுக்கும் இடையே ராக்கர் அல்லது ஃபிங்கர் என்ற நெம்புகோல் வைத்த எஞ்சினில் நிலைமை வேறு. அங்கே அடிவட்டம் குறைந்தால் ஃபிங்கர் நிற்கும் சாய்வு மாறி, லிஃப்டும் டைமிங்கும் சேர்ந்து விலகும். அரைத்த கேம் சரியாக இழுக்காது என்ற பேச்சு பெரும்பாலும் அப்படிப்பட்ட எஞ்சின்களிலிருந்து வந்தது. உங்கள் எஞ்சினுக்கு அது பொருந்தாது.

இனி உங்கள் கணக்கு. நல்ல லோபில் அடிவட்ட ஆரம் 13.95. லிஃப்ட் 35.45-இல் 27.90 போக 7.55. ஆக, கேமின் மையத்திலிருந்து மூக்கு நுனி 21.50 தூரத்தில் இருந்திருக்கிறது. மோசமான லோபில் அது 21.17-க்கு வந்துவிட்டது. குழியின் ஆழம் 0.10 என்றும், மெருகேற்ற 0.02 போகும் என்றும் வைத்தால் 21.05-இல் சுத்தமான இரும்பு கிடைக்கும். அதிலிருந்து 7.55-ஐக் கழித்தால் புதிய அடிவட்ட ஆரம் 13.50, விட்டம் 27.00. ஆரத்தில் குறைந்தது 0.45. எல்லா எக்ஸாஸ்ட் ஷிம்களும் 0.45 தடிக்க வேண்டும்.

இங்கேதான் சீட் வெட்டுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீட்டை வெட்டினால் வால்வு உள்ளே இறங்கும், தண்டின் நுனி மேலே ஏறும், ஷிம் மெலிய வேண்டும். கேமை அரைத்தால் நேர் எதிர், ஷிம் தடிக்க வேண்டும். டொயோட்டாவின் ஷிம் வரிசை 2.50-இல் தொடங்கி 0.05 படியாக 3.30 வரை 17 அளவுகளில் வரும். உங்கள் எக்ஸாஸ்ட் ஷிம்கள் இப்போது 2.55 முதல் 2.70. சீட் வெட்டிய பின் 2.40 முதல் 2.55 வரை தேவைப்படும். அந்த நிலையில் ஒரிஜினல் அளவு அடிவட்டத்தோடு ஒரு கேமைக் கொண்டுவந்து வைத்தால், 2.50-க்குக் கீழே போகும் வால்வுகளுக்கு வரிசையில் ஷிம்மே கிடையாது. ஒன்று வால்வின் நுனியைத் தேய்க்க வேண்டும், அல்லது புது வால்வும் சீட் வளையமும் போட வேண்டும். நுனியின் கடினப் பகுதி மெல்லியது. 0.2 மி.மீ.-க்கு மேல் தேய்த்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளியே வந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் நுனி காளான் போல விரிந்துவிடும். மாறாக 0.45 அரைத்த கேமை வைத்தால் தேவை 2.85 முதல் 3.00 வரை. வரிசையின் நட்டநடு. அடுத்த முறை சீட் வெட்டவும் இடம் மிஞ்சுகிறது.

அதனால்தான், கேம் இரண்டுமே நல்ல நிலையில் கிடைத்தாலும், பலமுறை சீட் வெட்டிய பழைய ஹெட்டுக்கு ஒரிஜினலை விட அளவாக அரைத்த கேம் பொருந்தி உட்காரும் என்கிறேன். தொடாத ஹெட், 2.90 வாக்கில் ஷிம்கள் என்றால் பதில் மாறியிருக்கும்.

இன்டேக்கிலும் ஒரு சிக்கல் எட்டிப்பார்க்கிறது. 2.60 முதல் 2.75 வரை உள்ளவை சீட் வெட்டிய பின் 2.45 முதல் 2.60 ஆகும். ஓரிரு வால்வுகள் 2.50-க்குக் கீழே போகலாம். அவற்றின் நுனியில் 0.10 மட்டும் தேய்த்தால் போதும், அது பாதுகாப்பான அளவு. கேம் மாற்றத் தேவையில்லை. மெஷின் ஷாப்காரரிடம் இன்டேக் சீட்டைத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சுற்றும் வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது 8.2 மி.மீ. யோசனை. உங்கள் எக்ஸாஸ்ட் கேமில் மூக்கு 21.05-க்கு வந்துவிடும் என்று பார்த்தோம். அதில் 8.20 லிஃப்ட் வேண்டுமென்றால் அடிவட்ட ஆரம் 12.85-க்கு இறங்க வேண்டும். குறைவு 1.10. சீட் வெட்டிய பிறகும் 3.50 முதல் 3.65 வரை ஷிம் வேண்டும். வரிசை 3.30-இல் முடிகிறது. சிலர் தனியாகத் தடித்த ஷிம் செய்து போடுகிறார்கள். பக்கெட் மேல் ஷிம் வகையில் அதை நான் ஏற்கமாட்டேன். ஷிம் பக்கெட்டின் குழியில் ஆழம் குறைந்த விளிம்பால் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது. தடித்தால் எடை கூடும், குழிக்கு மேலே துருத்தி நிற்கும். வேகமாகச் சுழலும்போது வால்வு ஒரு கணம் மிதந்து, லோப் ஷிம்மின் ஓரத்தில் இறங்கினால் ஷிம் வெளியே தெறிக்கும். அப்போது கேமோடு ஹெட்டும் உடையும். அவ்வளவு இறக்குவதென்றால் ஷிம்மை பக்கெட்டின் அடியில் வைக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். அது தனி வேலை, தனிப் பாகங்கள். அந்த முறையில் பக்கெட் முழுவதுமே துளையில் மேலேறி நிற்கும் என்பதால், அதன் பக்கச்சுவர் துளையில் போதுமான அளவு பிடிபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் குழி விழாத மூக்குள்ள கேமில் இதே 8.2 அடங்கிவிடும். மூக்கு 21.50, மெருகுக்கு 0.02 போனால் 21.48. அடிவட்டம் 13.28, குறைவு 0.67. சீட் வெட்டிய பின் எக்ஸாஸ்ட் ஷிம்கள் 3.07 முதல் 3.22, இன்டேக் 3.12 முதல் 3.27. இரண்டும் வரிசைக்குள் நிற்கின்றன, மேல் விளிம்பை ஒட்டி. ஆகவே விற்க வந்திருக்கும் ஜோடியின் மூக்குகள் சுத்தமாக இருந்தால், அதை அரைப்பதற்கான மூலக் கேமாக வாங்குங்கள். உங்கள் நல்ல இன்டேக் கேமை எண்ணெய் பூசிச் சுற்றி எடுத்து வையுங்கள். அரைத்த பின் பிடிக்கவில்லை என்றால் திரும்ப ஒரு வழி இருக்கும். அரைத்துவிட்ட கேமுக்கு அந்த வழி கிடையாது.

லிஃப்டைக் கூட்டும்போது அரைப்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எத்தனை டிகிரியில் அந்த லிஃப்டைத் தருகிறார்? தட்டையான பக்கெட்டில் மூக்கின் வளைவு ஆரம் என்பது, மையத்திலிருந்து மூக்குக்கு உள்ள தூரத்திலிருந்து மூக்கில் வால்வு காணும் எதிர் முடுக்கத்தைக் கழித்தது. முடுக்கத்தை ரேடியன் வர்க்கத்துக்கு மி.மீ. என்ற அலகில் எடுக்க வேண்டும். உதாரணமாக, 21.50 தூரமும் 16.5 முடுக்கமும் உள்ள மூக்கின் ஆரம் 5 மி.மீ. ஒரிஜினலின் திறப்பு 240 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.2 லிஃப்டை 256 டிகிரிக்கு நீட்டித் தந்தால் முடுக்கம் ஏறக்குறைய அதே அளவில், சற்றுக் குறைவாகவே நிற்கும். மூக்கும் பழைய உருண்டையிலேயே இருக்கும். ஆனால் திறப்பை 240-லேயே வைத்து லிஃப்டை மட்டும் 8.2 ஆக்கினால் முடுக்கம் 18-ஐ நெருங்கும். உங்கள் குழி விழுந்த கேமில் 21.05-இலிருந்து கழித்தால் மூக்கு ஆரம் 3 மி.மீ.-க்குச் சற்று மேல். கோட்டில் தொடும் பரப்பில் அழுத்தம், ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் ஏறும். அதே ஸ்பிரிங் இருந்தாலும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கடினமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் ஏறும். குறைந்த டிகிரியில் அதிக லிஃப்ட் என்று விற்கப்படும் அரைத்த கேம்கள் சீக்கிரம் குழி விழுவதற்குக் காரணம் இதுதான். அரைத்ததால் இரும்பு கெட்டது என்று பழி போடுகிறார்கள். கெடுத்தது கூர்த்த மூக்கு.

ஒரிஜினல் புரொஃபைலுக்கே 0.45 இறக்கினால் மூக்கு ஆரம் 5-இலிருந்து 4.55 ஆகும், அழுத்தம் 5 சதவீதம் கூடும். கவலைப்பட ஒன்றுமில்லை.

டிகிரி எண்களை ஒப்பிடும்போது இன்னொன்று. ஒருவர் சொல்லும் 256, வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து எண்ணியதாக இருக்கலாம். இன்னொருவர் 1 மி.மீ. திறந்த பிறகு எண்ணியிருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல, இடையில் பல பத்து டிகிரி வரும். எந்த லிஃப்டிலிருந்து எண்ணினீர்கள் என்று கேட்டு, 1 மி.மீ. கணக்கில் எழுதி வாங்குங்கள்.

கேமின் இரும்பு அரைப்பைத் தாங்குமா என்பது அடுத்தது. உங்கள் எஞ்சின் காலத்தில் அதிகம் காணப்பட்டது சில்டு வார்ப்பிரும்பு. வார்க்கும்போதே லோபின் பரப்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. அந்தக் கடினம் பல மி.மீ. ஆழம் போகும். 0.45, 0.67 எல்லாம் அதற்குள் அடக்கம். இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கிய எஃகுக் கேமிலும் சில மி.மீ. ஆழம் இருக்கும். நைட்ரைடு செய்த (பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய) கேம் என்றால் கதை வேறு. அதன் கடினத் தோல் மொத்தமே அரை மி.மீ.-க்குள். 0.3 அரைத்தாலே பெரும்பகுதி போய்விடும், மறுபடியும் நைட்ரைடு செய்தாக வேண்டும். அரைத்த பின் மூக்கிலும் சரிவிலும் கடினத்தைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். ராக்வெல் சி அளவில் 45-க்குக் கீழே வந்தால் அந்தக் கேமை வாங்கிக்கொள்ள வேண்டாம். தேய்ந்த மூக்கில் வெல்டிங் வைத்து ஏற்றி அரைப்பதும் ஒரு வழிதான். சில்டு இரும்பில் வெல்டின் ஓரத்தில் விரிசல் விழும், கேமும் வளையும். வேறு கேமே உலகில் கிடைக்காத எஞ்சினுக்கு மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

அரைக்கக் கொடுக்கும் முன் கேமை இரண்டு முனை ஜர்னல்களில் (தாங்கியில் உட்கார்ந்து சுழலும் பகுதிகள்) வி-பிளாக் மேல் வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். 0.04 மி.மீ.-க்கு மேல் ஆடினால் வளைந்திருக்கிறது. சில்டு இரும்பை அழுத்தி நிமிர்த்தச் சொல்லாதீர்கள். அன்று நிமிரும், பிறகு விரிசல் விடும். காந்தத் துகள் சோதனையை அரைப்பதற்கு முன்னும் பின்னும் செய்யச் சொல்லுங்கள். முன்னே செய்வது பழைய விரிசலைக் காட்டும். பின்னே செய்வது அரைப்பின் சூட்டில் வந்த விரிசலைக் காட்டும். கல் மழுங்கி, குளிர்த் திரவம் போதாமல் அரைத்தால் பரப்பு சுட்டு மென்மையாகிவிடும். பழுப்போ நீலமோ ஏறிய லோப் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். நிறத்தை மெருகு போட்டு மறைத்துவிடலாம் என்பதால் சுட்ட இடத்தை வேறு நிறத்தில் காட்டும் நைட்டல் அமிலச் சோதனை கேட்பது இன்னும் நம்பகமானது.

அரைப்பவருக்கு வாய்ச் சொல்லாக எதையும் விடாதீர்கள். அடிவட்டம் 27.00, லிஃப்ட் 7.55, எட்டு லோபும் ஒரே அளவு, வித்தியாசம் 0.02-க்குள், லோபின் கோணம் கேம் முனையில் புல்லியை நிறுத்தும் ஊசியின் துளையிலிருந்து மாறக் கூடாது, ஓரங்களில் கூர்மை எடுக்கப்பட வேண்டும், கடைசியில் மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கரிய பூச்சு முதல் சில நிமிடங்களுக்கு எண்ணெயைப் பிடித்து வைக்கும். அடிவட்டம் மையம் விலகாமல் இருப்பதும் முக்கியம். அது 0.03 ஆடினால், ஒரு கோணத்தில் 0.25 கிளியரன்ஸ் காட்டும் வால்வு இன்னொரு கோணத்தில் 0.22 காட்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலைவீர்கள்.

உள்ளீடற்ற கேம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அரைத்த தூள் உள்ளே தங்கிவிடும். அடைப்பைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, காற்றால் ஊதி, வெள்ளைத் துணி கறுக்காமல் வரும் வரை செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் அந்தத் தூள் முதலில் போகும் இடம் ஹெட்டின் அலுமினிய ஜர்னல்கள்தான்.

அந்த ஜர்னல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமுக்குத் தனி பேரிங் ஓடு கிடையாது, ஹெட்டின் அலுமினியமே பேரிங். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து மூடிகளை மேனுவல் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கி அளவெடுங்கள். 0.10 மி.மீ. தாண்டினால் எந்தக் கேம் வைத்தாலும் எண்ணெய் அழுத்தம் அங்கே கசிந்து போகும். உங்கள் தேய்மானம் 3-ஆம் சிலிண்டரின் இரண்டு லோபுகளிலும் சேர்ந்தே வந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்தடுத்த இரண்டு லோபும் கெட்டு, மற்ற ஆறும் நன்றாக இருக்கிறது என்றால் இரும்பின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த இடத்துக்கு எண்ணெய் போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே எண்ணெய் வரும் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். கேஸ்கெட் பசை பிதுங்கி அடைத்திருப்பது சகஜம். அந்த இரண்டு பக்கெட்டுகளும் துளையில் கையால் லேசாகச் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கெட் ஓட்டத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் ஷிம்மின் ஒரே கோட்டில் மூக்கு ஏறி இறங்கிக் குழி விழும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கேமை மாற்றினால், அரைத்ததோ ஒரிஜினலோ, அதே இடத்தில் மறுபடியும் தேயும்.

பயன்படுத்திய ஜோடியை வாங்கப் போகும்போது மைக்ரோமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு லோபிலும் உயரம், அதற்குச் செங்குத்தாக அடிவட்டம், இரண்டையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். உயரம் மட்டும் பார்த்தால் முன்பே அரைத்த கேமை ஒரிஜினல் என்று நம்பிவிடக் கூடும், அல்லது நல்ல கேமை ஒதுக்கிவிடக் கூடும். மூக்கில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் குழி. பல வருடம் சும்மா கிடந்த எஞ்சினிலிருந்து வந்த கேமில், அழுத்தப்பட்டிருந்த லோபின் மேல் குறுக்கே ஒரு துருக் கோடு இருக்கும். அது மெருகில் போகாது, அரைத்தால்தான் போகும். ஒரே எஞ்சின் குடும்பத்திலும் பதிப்புக்குப் பதிப்பு புரொஃபைல் மாறும் என்பதால் லிஃப்ட் உங்களுடைய 7.55-ஓடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் முனையும் உங்கள் கேமைப் போலவே இருக்க வேண்டும்.

அரைத்த கேமோடு பழைய ஷிம்களைப் போடாதீர்கள். எப்படியும் அளவு மாறுகிறது, ஆனால் கைக்குக் கிடைத்த பழைய தடித்த ஷிம் அளவு சரியாக இருக்கிறதே என்று போடத் தோன்றும். பழைய ஷிம்மின் மேல்பரப்பு நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் குழிந்திருக்கும். புதிதாக அரைத்த லோப் அதன் விளிம்பில் மட்டும் தொட்டு, அங்கே சுரண்டும். புதிய ஷிம்மில் எண் பொறித்த பக்கம் கீழே இருக்கட்டும்.

பொருத்துவதற்கு முன், அதாவது அரைக்கக் கொடுப்பதற்கும் முன், செய்தால் பின்னால் நிம்மதி தரும் ஒரு வேலை: எக்ஸாஸ்ட் கேமின் முழு லிஃப்ட் கோணத்தை 1-ஆம் சிலிண்டரின் நல்ல லோபில் எடுத்து எழுதிவையுங்கள். பிஸ்டன் ஸ்டாப் வைத்து இருபுறமும் முட்டவைத்து, நடுவை டிடிசியாக (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறியுங்கள். டயல் கேஜ் பக்கெட்டின் விளிம்பில், வால்வின் அசைவுக்கு நேர் கோட்டில் நிற்கட்டும். உச்சியைக் கண்ணால் தேடாதீர்கள், அங்கே முள் பல டிகிரிக்கு அசையாமல் நிற்கும். உச்சிக்கு 1 மி.மீ. குறைவான லிஃப்ட் ஏறும்போது எங்கே, இறங்கும்போது எங்கே என்று பாருங்கள். உதாரணமாக டிடிசிக்கு முன் 150, டிடிசிக்கு முன் 70 என்று வந்தால் நடு 110. அரைத்து வந்த பின் அதே லோபில் அதே எண் வர வேண்டும். கிராங்க் கணக்கில் 2 டிகிரிக்கு மேல் விலகினால் அரைக்கும்போது லோப் திரும்பிவிட்டது என்று பொருள். நகர்த்தக்கூடிய கேம் புல்லி இருந்தால் சரிசெய்யலாம். ஆனால் எல்லா லோபும் ஒரே அளவு திரும்பியிருந்தால் மட்டுமே.

ஹெட்டின் முகத்தைச் சீவப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சீவினால் கேம் கிராங்குக்குப் பக்கத்தில் வரும், பெல்ட்டின் இழுக்கும் பக்கம் தளரும், கேம் பின்தங்கும். கேம் புல்லியின் ஆரம் 50 மி.மீ. என்றால் 0.5 மி.மீ. சீவியதற்குக் கிராங்க் கணக்கில் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் பின்தங்கும். அந்தப் பிழையைக் கேம் அரைத்தவர் தலையில் கட்டாமல் இருக்க, மேலே சொன்ன முதல் அளவை அதே ஹெட் உயரத்தில் எடுத்ததா என்று நினைவில் வைத்திருங்கள்.

ஷிம் தேர்வு எளிது. குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15 முதல் 0.25, எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30. நடுவை இலக்காக வையுங்கள். இப்போதுள்ள ஷிம்மோடு, அளந்த இடைவெளியிலிருந்து இலக்கைக் கழித்ததைக் கூட்டுங்கள். 2.95 ஷிம்மில் 0.34 காட்டினால், 0.25 இலக்குக்கு 3.04 வேண்டும். 3.05 போட்டால் 0.24 கிடைக்கும். அது போதும். எக்ஸாஸ்டில் சந்தேகம் வந்தால் சற்று அதிக இடைவெளிப் பக்கம் சாயுங்கள். புது சீட் படியப் படிய வால்வு மேலேறி இடைவெளி குறையும். 1,000 கிலோமீட்டரில் மறுபடியும் அளந்தாக வேண்டும்.

8.2 லிஃப்ட் வழியில் போவதானால் இன்னும் மூன்று அளவுகள் தேவை. முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று முட்ட இன்னும் 1 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் மூடியான ரிட்டெய்னருக்கும் வால்வுத் தண்டின் கைடு சீலுக்கும் இடையிலும் 1 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ.-யாவது வேண்டும். இதை பிஸ்டன் மேல் களிமண் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, வெட்டிப் பார்த்து அளக்கலாம். ஆபத்து முழு லிஃப்டில் இல்லை. டிடிசிக்கு முன்னும் பின்னும் 10 டிகிரி வாக்கில், எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கும்போதுதான் உரசும். அரைத்த கேமின் மூக்கு ஒரிஜினலின் சுற்றளவை ஒருபோதும் தாண்டாது என்பதால் ஹெட்டின் வார்ப்பில் இடிக்குமோ என்ற பயம் இல்லை. புது இரும்பில் வெட்டிய, அடிவட்டம் குறையாத 8.2 கேம் வாங்கினால் மூக்கு 22.15 வரை போகும். அப்போது பக்கெட் துளையின் ஓரங்களைப் பார்க்காமல் எஞ்சினைச் சுற்றக் கூடாது.

கேமை இறக்கும்போதும் ஏற்றும்போதும் மூடி போல்ட்டுகளை முனைகளிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள், நடுவிலிருந்து முனைகளுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டால், திறந்திருக்கும் வால்வுகளின் ஸ்பிரிங் கேமை வளைக்கப் பார்க்கும். சில்டு இரும்பு அதிகம் வளையாது, இரண்டாக உடையும்.

முதல் ஓட்டத்துக்கு லோபுகளிலும் ஷிம்களிலும் மாலிப்டினம் கலந்த அசெம்ப்ளி பசை, ஜர்னல்களில் வெறும் எஞ்சின் எண்ணெய். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிடித்தவுடன் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம், சற்று ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஐடிலில் விடாதீர்கள், அந்த வேகத்தில் மூக்கில் எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும். எண்ணெயைப் பொறுத்தவரை, ஏபிஐ எஸ்எம், எஸ்என் தரத்தில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மத்தின் அளவைக் காட்டுவது அந்தப் பாஸ்பரஸ்தான். 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. தயாரிப்பாளரின் விவரத் தாளில் 0.10 முதல் 0.12 சதவீதம் காட்டும் எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, கேம் கவரின் உள்பக்கம் அழியாத மையில் எழுதிவையுங்கள்: எக்ஸாஸ்ட் அடிவட்டம் 27.00, லிஃப்ட் 7.55, லோப் உயரம் 34.55, அரைத்த தேதி, எட்டு ஷிம் அளவுகள். நல்ல லோபே 35.45 என்று அளந்தீர்கள். நாளை வேறொருவர் இந்த எஞ்சினைத் திறந்து, மைக்ரோமீட்டரில் 34.55 பார்த்து, தேய்ந்த கேம் என்று தூக்கிப் போட்டுவிடுவார்.